மேய்ச்சலும் மறதியும்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

உங்கள் கட்டுரைகளை நான்கு ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். எழுதுவது இதுவே முதல்முறை.

போன மாதம் எங்கள் ஆலயத்தில் ஐயர், அதாவது எங்கள் சபைப் போதகர், வேதாகமத்தில் ஓசியா தீர்க்கதரிசியின் புத்தகத்திலிருந்து 13:6 வசனத்தை எடுத்துப் பிரசங்கம் செய்தார். “தங்களுக்கு இருந்த மேய்ச்சலினால் திருப்தியானார்கள், திருப்தியானதினால் அவர்கள் இருதயம் மேட்டிமையாயிற்று, அதினால் என்னை மறந்தார்கள்.” வசதி வந்தால் மனிதன் ஆண்டவரை மறந்துவிடுவான் என்பதுதான் செய்தி. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

நான் நாசரேத் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவன். கோவையில் பம்ப்செட் உதிரிபாகங்கள் செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். ஒரே ஒரு லேத்தோடு தொடங்கியது, இன்று இருபத்திரண்டு பேர் வேலை செய்கிறார்கள். சித்தி சங்கிலியை விற்றுப் பணம் கட்ட, பாலிடெக்னிக் முடித்தேன். அதற்குப் பிறகு எல்லாம் என் உழைப்பும் கர்த்தருடைய கிருபையும்தான். என்னோடு படித்தவர்கள் ஊரில் இன்னும் அப்படியே இருக்கிறார்கள். அவர்களுக்கு முயற்சி போதவில்லை.

நான் ஆண்டவரை மறக்கவில்லை ஐயா. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகம் தவறியதில்லை. தினமும் குடும்ப ஜெபம் நடக்கிறது. ஊர்க் கோயிலுக்குத் தரை முழுக்க கிரானைட் போட்டுக் கொடுத்தேன். பிறகு ஏன் இந்த வசனம் என்னை உறுத்துகிறது? நான் எதை மறந்தேன்?

இன்னும் சில சந்தேகங்கள். செழிப்பைக் கொடுப்பவரும் அவர், அதற்காகத் தண்டிப்பவரும் அவர் என்றால் அது கண்ணி வைப்பது ஆகாதா? அதே அதிகாரத்தில் குட்டிகளைப் பறிகொடுத்த கரடியைப் போல வருவேன் என்கிறாரே, அது அன்பான தேவனின் பேச்சா? ஓசியாவைப் படிக்க எந்த மொழிபெயர்ப்பு நல்லது?

அன்புடன்,
ஜெ., கோவை

அன்புள்ள ஜெ.,

உங்கள் கடிதம் வந்த வாரம் நானும் ஓசியாவைத்தான் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். அம்மா போய் மூன்று வருடமாகிறது. அவள் ஒருநாள் ராத்திரி என்னிடம் கேட்ட கேள்வி ஒன்று இருக்கிறது. இத்தனை நாளும் அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். நீங்கள் “நான் எதை மறந்தேன்” என்று எழுதியதைப் பார்த்ததும் இனிமேல் தள்ள முடியாது என்று தெரிந்துவிட்டது. அதனால்தான் இந்தப் பதில். எல்லாக் கேள்விக்கும் இதில் பதில் இருக்காது.

மொழிபெயர்ப்பைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். உங்கள் வீட்டில் இருக்கும் பழைய தமிழ் வேதாகமமே போதும். இந்த வசனத்தில் அது நன்றாகவே செய்திருக்கிறது. எபிரேயத்தில் ‘திருப்தியானார்கள்’ என்ற சொல் இரண்டு தரம் வருகிறது. தமிழிலும் இரண்டு தரம் வருகிறது. தின்றார்கள், வயிறு நிறைந்தது. நிறைந்தது, நெஞ்சு நிமிர்ந்தது. கரடியைப் பற்றி இன்னொரு சமயம் பேசலாம். குட்டியைப் பறிகொடுத்தது என்றால் அது தாய்க்கரடி என்பதை மட்டும் இப்போதைக்கு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணி என்றீர்களே, அதற்கு மட்டும் ஓசியாவை விட்டு இரண்டாம் இராஜாக்கள் 14ஆம் அதிகாரத்துக்குப் போக வேண்டும். ஓசியா பேசத் தொடங்கிய நாட்களில் வடக்கே இஸ்ரவேலின் தலைநகரான சமாரியாவில் ராஜாவாக இருந்தவன் இரண்டாம் யெரொபெயாம். 41 வருடம் ஆண்டான். கி.மு. 8ஆம் நூற்றாண்டின் முதல் பாதி. ஆமாத்தின் எல்லை தொடங்கி உப்புக்கடல் வரைக்கும் இழந்த நிலத்தையெல்லாம் மீட்டான். அவன் நல்லவன் என்று வேதம் சொல்லவில்லை. பொல்லாப்பானதைச் செய்தான் என்றே சொல்கிறது. பிறகு எப்படி வந்தது அந்தச் செழிப்பு? இஸ்ரவேலின் உபத்திரவம் மிகவும் கொடியது என்று கர்த்தர் பார்த்தார், ஒத்தாசை செய்ய ஒருவரும் இல்லை என்று பார்த்தார், அதனால் அவன் கையாலே அவர்களை ரட்சித்தார் என்று எழுதியிருக்கிறது. அடிபட்டுக் கிடந்த பிள்ளைகளுக்கு இரக்கப்பட்டுக் கொடுத்தது அது. இரக்கத்தில் பிறந்ததைக் கண்ணி என்று சொல்லாதீர்கள்.

சரித்திரம் இதையே வேறு விதமாகச் சொல்கிறது. கி.மு. 800ஐ ஒட்டிய ஆண்டுகளில் அசீரியா, சீரியர்களின் தலைநகரான தமஸ்குவை அடித்து நொறுக்கியது. இஸ்ரவேலை வருத்திக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரன் அதோடு படுத்துவிட்டான். பிறகு அசீரியாவும் உள்நாட்டுச் சிக்கல்களில் தளர்ந்து, கி.மு. 745இல் மூன்றாம் திக்லாத்பிலேசர் அரியணை ஏறும்வரை மேற்கே பெரிதாக வரவில்லை. இரண்டு எதிரிகளும் ஒரே சமயத்தில் ஓய்ந்திருந்த அந்த இடைவெளியில்தான் சமாரியா கொழுத்தது. வணிகப் பாதைகள் அவர்கள் கைக்கு வந்தன. எண்ணெயும் திராட்சரசமும் பெருகின. அந்தத் தலைமுறையில் பிறந்த ஒருவன், “நான் உழைத்தேன், சம்பாதித்தேன்” என்றால் அது பொய்யில்லை. உழைத்திருப்பான்தான். ஆனால் அவனுடைய தாத்தாவும் அதே மலைச்சரிவில், அதே ஒலிவ மரத்தடியில் அதே அளவு உழைத்தார். அவருடைய விளைச்சலைச் சீரியப் படைகள் கொண்டுபோயின.

“அவர்களுக்கு முயற்சி போதவில்லை” என்று எழுதியிருக்கிறீர்களே தம்பி, அந்த வரியை வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது, மறைக்க விரும்பவில்லை. பட்டறை தொடங்கிய வருடம் கடன் கொடுத்தது யார், முதல் ஆர்டர் யார் மூலம் வந்தது என்பதையெல்லாம் யோசித்துவிட்டா அதை எழுதினீர்கள்? எப்பிராயீம் இதையேதான் சொல்கிறான், ஓசியா 12ஆம் அதிகாரத்தில். வடக்கு இஸ்ரவேலை ஓசியா அழைக்கும் பெயர் அது. நான் ஐசுவரியவானானேன், பொருளைச் சம்பாதித்தேன், நான் பாடுபட்டுத் தேடியதில் எந்தக் குற்றத்தையும் யாரும் கண்டுபிடிக்க முடியாது என்கிறான். அதற்கு முந்தின வசனத்தில் அவன் கையில் கள்ளத்தராசு இருக்கிறது. நம் வேதாகமத்தில் ‘வியாபாரி’ என்று இருக்கும் இடத்தில் எபிரேயத்தில் ‘கானான்’ என்ற சொல் இருக்கிறது. கானானியன் என்றாலே வணிகன் என்று அன்றைய வழக்கு. யாரை வெளியேற்றிவிட்டு அந்த நிலத்துக்கு வந்தார்களோ அவர்களாகவே நீங்கள் ஆகிவிட்டீர்கள் என்று தீர்க்கதரிசி ஒரே சொல்லில் அடிக்கிறார். உங்கள் தராசு கள்ளத்தராசு என்று நான் சொல்லவில்லை. ‘குற்றம் கண்டுபிடிக்க முடியாது’ என்ற அந்தக் குரலைத்தான் சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் அது கேட்கிறது.

சரி, மறதிக்கு வருவோம். உங்கள் ஐயர் சொன்னதாக நீங்கள் எழுதியிருப்பது எல்லாப் பிரசங்க மேடையிலும் சொல்லப்படுவதுதான். வசதி வரும், ஜெபம் குறையும், கோயிலுக்கு வருவது குறையும், அதுதான் மறதி என்பார்கள். அதை அளவுகோலாக வைத்து உங்களை அளந்து பார்த்தீர்கள். ஜெபம் குறையவில்லை, தசமபாகம் குறையவில்லை, அதனால் குழம்புகிறீர்கள்.

ஓசியாவின் காலத்து மக்கள் கோயிலுக்குப் போவதைக் குறைக்கவே இல்லை தம்பி! அந்த அதிகாரங்களைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பாருங்கள். 10ஆம் அதிகாரத்தின் முதல் வசனம் என்ன சொல்கிறது? கனி பெருகப் பெருகப் பலிபீடங்களைப் பெருக்கினான். தேசம் செழிக்கச் செழிக்கச் சிலைகளை அழகாக்கினான். பக்தி அவர்களிடம் கூடியது. 8ஆம் அதிகாரத்தின் கடைசி வசனம் இன்னும் நேராகவே வருகிறது: இஸ்ரவேல் தன்னை உண்டாக்கினவரை மறந்து கோவில்களைக் கட்டுகிறான். மறந்ததால் கட்டாமல் விட்டான் என்று இல்லை, மறந்து, கட்டுகிறான். அங்கே வரும் எபிரேயச் சொல் அரண்மனையையும் குறிக்கும், கோயிலையும் குறிக்கும். சுமேரியர்கள் ‘பெரிய வீடு’ என்று சொன்னதிலிருந்து வந்த சொல் அது. அரண்மனை என்று மொழிபெயர்ப்பவர்கள் உண்டு, கோயில் என்று மொழிபெயர்ப்பவர்களும் உண்டு. எனக்கு இரண்டும் ஒன்றுதான். பெரிய வீடு கட்டினார்கள், சிலதில் தாங்கள் குடியிருந்தார்கள், சிலதில் அவரைக் குடிவைத்தார்கள்.

அதே காலத்தில் தெற்கேயிருந்து வடக்கே போய்ப் பேசிய ஆமோஸ் தீர்க்கதரிசி தசமபாகத்தையே எடுத்து வைத்து அடித்தார். பெத்தேலுக்குப் போங்கள், காலைதோறும் பலி கொடுங்கள், தசமபாகங்களைக் கொண்டுபோங்கள், உற்சாகபலிகளை எல்லோருக்கும் கூறித் தெரியப்படுத்துங்கள், அதுதானே உங்களுக்குப் பிரியம் என்று நான்காம் அதிகாரத்தில் கேட்கிறார். கூறித் தெரியப்படுத்துவது. நம் ஊர்க் கோயில்களில் காணிக்கை வாசிப்பு நடக்கும்போது எனக்கு அந்த வசனம் நினைவுக்கு வந்து உட்காரவிடாது. உங்கள் கிரானைட்டில் பெயர் வெட்டியிருக்கிறதா இல்லையா என்று நான் கேட்கப்போவதில்லை.

அந்தச் செழிப்பின் மிச்சங்கள் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்திருக்கின்றன. 1910இல் சமாரியாவின் அரண்மனை மேட்டைத் தோண்டியபோது மையால் எழுதிய உடைந்த பானை ஓடுகள் கிடைத்தன. நூற்றுக்கும் மேல். ஒவ்வொன்றும் ஒரு சீட்டு: இத்தனையாவது வருடம், இந்த ஊரிலிருந்து, இன்னாருக்கு, ஒரு ஜாடி பழைய திராட்சரசம், ஒரு ஜாடி கழுவின எண்ணெய். கழுவின எண்ணெய் என்றால் ஒலிவத்தின் முதல்தரமான எண்ணெய். வரியாக வந்ததா, பெருநிலக்காரர்களின் தோட்டங்களிலிருந்து வந்ததா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எப்படியானாலும் கிராமத்து எண்ணெய் மலை ஏறித் தலைநகருக்குப் போயிருக்கிறது. அந்தச் சீட்டுகளில் நோவாள், ஒக்லாள் என்ற பெயர்கள் ஊர்ப்பகுதிகளின் பெயராக வருகின்றன. யாரென்று தெரிகிறதா? செலொப்பியாத்தின் மகள்கள். அப்பாவுக்கு மகன் இல்லை என்பதற்காக எங்களுக்கு நிலம் கிடையாதா என்று மோசேயின் முன்னால் நின்று கேட்ட பெண்கள். அவர்கள் கேட்டது நியாயம் என்று கர்த்தரே சொல்லிக் கொடுக்கச் செய்த நிலம். அந்தப் பெண்களின் பெயரைச் சுமந்த மண்ணின் எண்ணெய்தான் தந்தக் கட்டிலில் சாய்ந்திருந்தவர்களுக்குப் போயிருக்கிறது. தந்தமும் கிடைத்தது. 1930களில் அதே மேட்டில் மரச்சாமான்களில் பதித்த தந்தத் துண்டுகளை நூற்றுக்கணக்கில் எடுத்தார்கள். தாமரைமேல் உட்கார்ந்த எகிப்தியக் குழந்தை தெய்வம்கூட அதில் இருக்கிறது. ஆமோஸ் ‘தந்தக் கட்டில்’ என்று சொன்னது வெறும் அலங்காரப் பேச்சு இல்லை.

யெரொபெயாம் செத்த பிறகு என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். இருபத்தைந்து வருடத்துக்குள் ஆறு ராஜாக்கள், அதில் நான்கு பேர் வெட்டுப்பட்டுச் செத்தார்கள். அதில் ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். அந்த ஆறு பேரில் ஒருவனான மெனாகேம் அசீரிய ராஜாவுக்கு ஆயிரம் தாலந்து வெள்ளி கொடுத்தான். அதற்காகப் பணக்காரர்களிடம் தலைக்கு ஐம்பது சேக்கல் தண்டினான். ஒரு தாலந்துக்கு 3,000 சேக்கல். வகுத்துப் பாருங்கள், 60,000 பேர் வருகிறது. அவ்வளவு சிறிய நாட்டில் கேட்டவுடன் ஐம்பது சேக்கல் எடுத்து வைக்கக்கூடியவர்கள் அறுபதாயிரம் பேர். எளியவனை ஒரு ஜோடு செருப்புக்கு விற்றார்கள் என்று ஆமோஸ் சொல்வதும் அதே நாட்டில், ஒரு தலைமுறைக்கு முன்புதான். செருப்பின் விலைக் கடனை மன்னித்துவிடப் பணம் இல்லாமல் இல்லை.

இப்போது அந்த ‘மறந்தார்கள்’ என்ற சொல். ஓசியாவின் வரி தானாக முளைத்ததில்லை. உபாகமம் 8ஆம் அதிகாரத்தைத் திறந்து பக்கத்தில் வையுங்கள். புசித்துத் திருப்தியாவது, இருதயம் மேட்டிமையாவது, கர்த்தரை மறப்பது: அதே மூன்று வினைகள், அதே வரிசை. அதே அதிகாரத்தில் 10ஆம் வசனம், நீ புசித்துத் திருப்தியடைந்திருக்கையில் கர்த்தரை ஸ்தோத்திரிக்க வேண்டும் என்கிறது. நான் பல வருடம் இதைக் கவனிக்காமலே வாசித்திருக்கிறேன். சாப்பிட்ட பிறகு! நாம் சாப்பிடுவதற்கு முன்னால் கண்ணை மூடி அரை நிமிடம் ஜெபிக்கிறோம். பசித்தவன் ஜெபிப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. பசியே அவனுக்கு நினைவூட்டும். யூதர்கள் ரொட்டிக்கு முன்னால் ஒரு சிறு ஆசீர்வாதம் சொல்வார்கள். ஆனால் கை கழுவி வயிறு நிறைந்து எழுந்திருக்க மனம் தேடும் நேரத்தில்தான் நீண்ட ஜெபம். பிர்கத் ஹமஸோன் என்று அதற்குப் பெயர். ஒலிவப் பழம் அளவு ரொட்டி தின்றாலும் அதைச் சொல்லியாக வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். மேய்ச்சல் நிறைந்த வயிறுதான் ஆபத்தான இடம் என்று அவர்களுடைய பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அந்த நேரத்தில் எதை நினைக்க வேண்டும்? உபாகமம் 26 அதைச் சொல்கிறது. முதற்பலனைக் கூடையில் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒவ்வொருவனும் வாய்விட்டு ஒரு கதை சொல்ல வேண்டும். ‘கர்த்தாவே உமக்கு நன்றி’ என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போக முடியாது. என் தகப்பன் அழிவுக்கு நேரான சீரியன், கொஞ்சம் பேரோடு எகிப்துக்குப் போனான், அங்கே எங்களை ஒடுக்கினார்கள், கூப்பிட்டோம், அவர் கேட்டார், இதோ இந்தக் கனி. நாடோடியாக இருந்ததையும் அடிமையாக இருந்ததையும் விடாமல் சொல்ல வேண்டும். சொல்லி முடித்த பிறகு லேவியனோடும் பரதேசியோடும் சேர்ந்து சாப்பிட வேண்டும். ஓசியா மறதி என்று சொல்வது இந்தக் கதை கெட்டுப்போவதைத்தான் என்று நான் நினைக்கிறேன். ஓசியா 2ஆம் அதிகாரத்தில் இஸ்ரவேல் கர்த்தரை விட்டுப்போன மனைவியாக வருகிறாள். அவள் ‘எனக்கு அப்பமும் தண்ணீரும் எண்ணெயும் கொடுப்பவர்கள் என் நேசர்கள்’ என்கிறாள். தானியத்தைக் கொடுத்தவர் நான் என்று அவள் அறியவில்லையே என்று அவர் வலியோடு சொல்கிறார். கதையில் கொடுத்தவரின் பெயர் மாறிவிட்டது. 11ஆம் அதிகாரத்தில் அவர் எப்பிராயீமைக் கைபிடித்து நடக்கப் பழக்கினதைச் சொல்லும் இடத்தில் எனக்கு எப்போதும் தொண்டை அடைக்கும். நடக்கப் பழக்கியது யார் என்று எந்தப் பிள்ளைக்கு ஞாபகம் இருக்கிறது?

இனி என் கதை. நான் தேரிக்காட்டு ஓரத்துக் கிராமம். அப்பா பனையேறி. எங்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டு அடுப்படியிலும் ஒரு சின்னக் கலயம் இருக்கும், பிடியரிசிக் கலயம். உலையில் அரிசி போடுவதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு பிடி அள்ளிக் கலயத்தில் போட வேண்டும். உங்கள் பக்கத்திலும் இருந்திருக்கும். நாங்கள் தினமும் நெல்லுச்சோறு தின்றவர்கள் இல்லை. பாதி நாள் கம்பங்கூழ்தான். ஆனால் அரிசி உலையில் விழும் நாளில் கலயத்திலும் விழும். ஞாயிற்றுக்கிழமை அதைக் கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொட்டுவாள் அம்மா.

எனக்கு ஒன்பது வயதில் அப்பா பனையிலிருந்து விழுந்தார். இடுப்பு முறிந்தது. சீசன் உச்சத்தில் இருந்தது. பதனீர் இறக்க ஆள் இல்லை, கருப்பட்டி இல்லை, கையில் காசு இல்லை. அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் உபதேசியார் ஓலைப்பெட்டி ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். திண்ணையில் இறக்கி வைத்துவிட்டு அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபம் செய்துவிட்டுப் போனார். பெட்டியில் அரிசி. ஊர் முழுவதும் போட்ட பிடியரிசி.

அந்த அரிசியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். புழுங்கலும் பச்சரிசியும், சிவப்பு அரிசியும் ரேஷன் அரிசியும், புதுசும் பழசும் ஒரே பெட்டியில் கிடக்கும். எப்படிப் பொங்கினாலும் ஒன்றுபோல வேகாது. ஒரு வாயில் கூழாகக் குழையும், அடுத்த வாயில் நடுவில் விதை கடிபடும். நான் முகத்தைச் சுளித்தால் அம்மா, “கடிபட்டாத்தாம்ல அது எத்தன வீட்டு அரிசின்னு தெரியும், மென்னு தின்னு” என்பாள். நாலு மாதம் அந்தச் சோறு தின்றோம். எங்கள் தங்கை அந்த நாலு மாதத்தில்தான் உட்காரப் படித்தாள்.

அந்த நாலு மாதத்திலும் அம்மா உலை வைக்கும்போது அந்தப் பெட்டி அரிசியிலிருந்தே ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போட்டாள். நான் கேட்டேன், கோயிலிலிருந்து வந்ததைக் கோயிலுக்கே கொடுப்பானேன் என்று. அவள் பதில் சொல்லவில்லை.

பிறகு காலம் மாறியது. நான் படித்தேன், வேலைக்கு வந்தேன், தம்பியும் வந்தான். வீட்டுக்கு அரிசி மூட்டையாக வந்தது, எல்லாம் ஒரே ரகம், பொன்னி. அடுப்படி மாறியது. கலயம் எப்போது போனது என்று எனக்குத் தெரியவில்லை. காணிக்கைக் கவரில் பணம் போட்டுக் கொடுக்க ஆரம்பித்தோம். எந்தக் கணக்கில் பார்த்தாலும் அது பிடியரிசியைவிட நூறு மடங்கு.

ஊரில் வீடு கட்டி முடித்துப் பிரதிஷ்டை ஜெபம் வைத்தேன். இரண்டு ஐயர்கள் வந்திருந்தார்கள், பந்தல் நிறைய ஜனம். என்னைச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். நன்றாகப் பேசினேன். அப்பா விழுந்ததைச் சொன்னேன், அம்மா முழங்காலில் நின்றதைச் சொன்னேன், மண்ணெண்ணெய் விளக்கில் படித்ததைச் சொன்னேன், கர்த்தர் ஒருபோதும் கைவிடவில்லை என்று முடித்தேன். கர்த்தருடைய பெயரை எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது. நிறைய பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிரியாணி போட்டோம்.

ராத்திரி எல்லோரும் போன பிறகு அம்மா என்னைக் கூப்பிட்டாள். புதுத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

“எல்லாஞ் சொன்னியே எய்யா, அந்தப் பெட்டி அரிசிய ஏன் சொல்லல?”

அதையெல்லாம் சபையில எதுக்கும்மா என்றேன். அவள் ஒன்றும் சொல்லாமல் பின்பக்கம் வாசலைப் பார்த்தாள். அங்கே குழாயடியில் எங்கள் மூன்றாம் வீட்டு அக்கா சாயங்காலத்திலிருந்து அண்டா கழுவிக்கொண்டிருந்தாள், கூலிக்கு. அவளுடைய அம்மா போட்ட பிடியும் அந்தப் பெட்டியில் இருந்தது. பந்தலில் சாட்சி சொன்னபோது அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பாள். நான் சொன்ன கதையில் எங்கள் வீடும் பரலோகமும் மட்டும் இருந்தன. நடுவில் ஊரே இல்லை.

அம்மாவுக்கு நான் பதில் சொல்லவே இல்லை. அந்த அக்காவிடமும் இன்றுவரை பேசவில்லை. இதை எழுதுவதற்குப் பன்னிரண்டு வருடம் எடுத்திருக்கிறது.

அதனால்தான், ஜெ., உங்கள் கடிதத்தை இரண்டாம் தடவை வாசித்தபோது ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். பட்டறையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று எண்ணிச் சொல்லியிருக்கிறீர்கள், தசமபாகத்துக்கும் கிரானைட்டுக்கும் தனித்தனி வரி கொடுத்திருக்கிறீர்கள். சித்திக்குக் கொடுத்தது அரை வரி. “சித்தி சங்கிலியை விற்றுப் பணம் கட்ட, பாலிடெக்னிக் முடித்தேன், அதற்குப் பிறகு எல்லாம் என் உழைப்பும்” என்று அந்த வாக்கியம் அவரைத் தாண்டி ஓடுகிறது. ஒரு காற்புள்ளிக்கு இந்தப் பக்கம் சித்தி, அந்தப் பக்கம் நீங்களும் கர்த்தரும். எந்தச் சங்கிலி அது? தாலிச் சங்கிலியா? அதை விற்ற அன்று சித்தப்பா வீட்டில் என்ன நடந்தது? அவருக்குப் பிள்ளைகள் உண்டா, அந்தப் பிள்ளைகள் எதுவரை படித்தார்கள்? “முயற்சி போதாமல் அப்படியே இருப்பவர்கள்” என்று நீங்கள் சொன்னவர்களில் அவர்களும் இருக்கிறார்களா?

நான் உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. உங்களுக்குத் தூக்கம் கெட்டிருக்கிறது என்பதே எனக்கு உங்கள்மேல் பிரியத்தைக் கொடுக்கிறது. அந்த வசனம் உறுத்துகிறது என்றால் அது உங்களைத் தேடி வந்திருக்கிறது. அந்த உறுத்தலை இன்னொரு காணிக்கையால் ஆற்றிவிடாதீர்கள், தயவுசெய்து. கோயிலுக்கு மணிக்கூண்டு வேண்டுமென்று கேட்டு வருவார்கள். இந்த வருடம் வேண்டாம்.

மறுபடியும் எழுதுங்கள். கரடியைப் பற்றிக் கேட்டீர்கள், அதை அப்போது விரிவாகப் பேசலாம். ஆனால் முதலில் சித்தியைப் பற்றி எழுதுங்கள். அவர் பெயர் என்ன, இப்போது எங்கே, யாரோடு இருக்கிறார்? கடிதத்தில் அது இல்லை.

அன்புடன்.